உன் இஷ்டம் என்று சொன்னதற்குப் பிறகு

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொன்னதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நான் சொன்னது பதிலே இல்லை. இங்கே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறது, மாதம் முடிவதற்குள் அவர்களுக்கு முடிவு தெரிய வேண்டும். பினாங்குக்கே திரும்பிவிடுவதா, இல்லை பெர்த்திலேயே வீடு வாங்கி நிரந்தரமாகத் தங்கிவிடுவதா என்று உனக்குக் குழப்பம். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, அதுபடி செய்யிறேன்" என்றாய். நான் "உன் இஷ்டம்" என்றேன். வழக்கம்போலக் காரை ஓட்டிக்கொண்டேதான் பேசினாய், வளைவதற்குப் போடுகிற சிக்னலின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் "சரிம்மா, சாப்பிட்டீங்களா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான், அதை விடு.

இதை உன் போனுக்கு அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் அடுத்த வாரமே "நான் சும்மா சொன்னேன்லா, நீ அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டியா?" என்று நானே மழுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அச்சில் வந்துவிட்டால் பின்வாங்க முடியாது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நம் வீட்டில் "உன் இஷ்டம்" என்ற சொல் எப்படிப் புழங்கியது என்று யோசித்துப் பார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டால் உன் இஷ்டம். நீளமாக முடி வளர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் உன் இஷ்டம். ஒவ்வொரு தடவையும் அதற்கு அர்த்தம் வேறு. சிலசமயம் போ என்று அர்த்தம், சிலசமயம் போய்த்தான் பாரேன் என்று அர்த்தம். அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீ பெர்த்துக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்ற அன்று அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அவர் படகுப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து, உடம்பெல்லாம் ஒட்டியிருந்த ஃபைபர் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே "உன் இஷ்டம்" என்றார். நீ சந்தோஷமாக நண்பர்களுக்குச் சொல்ல ஓடினாய். அவர் குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து நீ திரும்பிப் போவதற்கு முன்னால், பெட்டியை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாய்: "நான் போனதுல அப்பாவுக்குச் சம்மதமாம்மா, இல்ல மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டாரா?" அவருக்கு அவ்வளவு பெருமை, பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று சொல்லி உன்னை அனுப்பிவைத்தேன். பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மைதான். ஆனால் நீ கேட்டது அதை அல்ல. நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன், ஒரே சோற்றுப் பானையிலிருந்து சாப்பிட்டோம், நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இனிமேல் கேட்க ஆள் இல்லை.

இந்த வாரம் முழுவதும் உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன். மனசுக்குள் எழுதிய கடிதம் வேறு. நீ அங்கேயே இரு, எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வேலையை விட்டுவிட்டு வராதே என்று நல்ல தாயார் எழுதுகிற கடிதம். அதைக் கெடுத்தவர் காசிம் அண்ணன். அவரை உனக்குத் தெரியாது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியிருக்கிறார். இத்தனை நாள் கறிக்கரண்டி பிடித்த கையால் சுக்கான் பிடித்து, மனைவியை உட்காரவைத்து லங்காவித் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். ஊரே சிரிக்கிறது, அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். பத்து மாவுங் கடற்கரையில் நம் பட்டறைக்குப் பக்கத்தில்தான் படகைக் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்.

என் வேலை என்ன என்று உன் ஆபீசில் யாராவது கேட்டால் "அம்மா போட்ல கண்ணாடி தொடைக்கிறாங்க" என்று நீ சொல்வாயாம், மருமகள் மீரா சொல்லிச் சிரித்தாள். பாதி சரி. படகின் மேல்தளத்தில் வெளிச்சமும் காற்றும் உள்ளே வருவதற்குச் சதுரமாகத் திறப்பு வைத்து, தெளிவான அக்ரிலிக் பலகையில் மூடி போட்டிருப்பார்கள். ஹேட்ச் என்று பெயர். நம் வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டு அது சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துப்போகும். உள்ளே படுத்திருப்பவருக்கு வானம் தெரியாது, ஒரு மங்கிய வெளிச்சம்தான் தெரியும். அதைத் தேய்த்துத் தெளிய வைப்பதுதான் என் வேலை. முன்பு நான் வேலை செய்த தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அதனால் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அவர் ஃபைபர் வேலை, நான் ஹேட்ச் வேலை. இப்போது நான் மட்டும் போகிறேன்.

காசிம் அண்ணனின் படகில் ஏறிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெயிலால் வந்த மங்கல் மட்டும் இல்லை. வேறு ஏதோ செய்திருக்கிறார்.

"தங்கச்சி, நான் என்ன பாவம் செஞ்சேன் சொல்லு. தெனம் தொடைக்கிறேன். தொடைக்கத் தொடைக்க மோசமாப் போவுது."

"எதப் போட்டுத் தொடச்சீங்க அண்ணே?"

"கண்ணாடிக்கு எதப் போடுவாங்க? கடையில பலகாரம் வக்கிற கண்ணாடி அலமாரிக்கு அடிக்கிற அதே ஸ்ப்ரேதான்லா. நல்லா வாசமா இருக்கும்."

"அண்ணே, இது கண்ணாடி இல்ல."

"கண்ணாடி இல்லியா? நேத்து போன்ல யாரு, 'கண்ணாடியப் பாக்க நாளைக்கு வர்றேன்'னு சொன்னது? நீதானே?"

நான்தான் சொன்னேன். நம் ஆட்களுக்கு ஊடே பார்க்க முடிந்ததெல்லாம் கண்ணாடிதான், முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. பட்டறையில் மலாய்க்காரர்களோ சீனர்களோ அக்ரிலிக் என்று சொன்னால், நாம் மட்டும் வீட்டுக்கு வந்து கண்ணாடி என்போம். அப்படிச் சொல்லிப் பழகியதால் கண்ணாடிக்குச் செய்வதையே அதற்கும் செய்துவிடுகிறோம். கண்ணாடி ஸ்ப்ரேயில் அமோனியா இருக்கும், அது அக்ரிலிக்கைத் தின்றுவிடும். தின்னர், ஸ்பிரிட் எதுவும் ஆகாது. பாத்திரம் கழுவுகிற சோப்பும் நல்ல தண்ணீரும் போதும், அதுவும் முதலில் தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிய பிறகுதான் துணி படவேண்டும். இல்லாவிட்டால் அந்த உப்பே கீறிவிடும். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப மொதல்லயே அக்ரிலிக்குனு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார். அதுவும் நியாயம்தான்.

தேய்ப்பது அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. சுற்றிலும் உலோகச் சட்டத்துக்கு டேப் ஒட்டிவிட்டு, தண்ணீரை விட்டு விட்டு, முதலில் சொரசொரப்பான சேண்ட்பேப்பர், பிறகு அதைவிட நைசு, பிறகு அதையும்விட நைசு என்று போக வேண்டும். முதல் சுற்றில் அது முன்பைவிட மோசமாகத் தெரியும். பாலை ஊற்றினாற்போல் வெள்ளையாகிவிடும். காசிம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் பயந்து நிறுத்தியவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் கீறலை எடுக்க வேண்டும், எடுத்து முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கடைசியில் எல்லாக் கீறலும் வெளிச்சத்தில் பல்லைக் காட்டும். மெஷினில் பாலிஷ் போடும்போது ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, சூடேறினால் புகைந்து மங்கிவிடும். கடைசித் துடைப்புக்கு அப்பாவின் பழைய வேட்டியைத்தான் கிழித்துக்கொள்கிறேன். துவைத்துத் துவைத்து அவ்வளவு மிருதுவாகிவிட்ட பருத்தித் துணி கடையில் கிடைக்காது. அலமாரியில் அடுக்கு குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொன்றாகக் கிழிக்கும்போது மனசு கேட்கவில்லை, ஆனால் சும்மா மடித்து வைத்திருந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

அந்த வேலையில் நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. முன்பு அது எனக்குச் சுகமாக இருந்தது. அப்பா கீழே வேலை செய்துகொண்டிருப்பார், நான் மேலே, பேசாவிட்டாலும் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். இப்போது சில நாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலுகோர் வீட்டிலிருந்து கிளம்பிப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போதுதான் இன்றைக்கு நாம் வாயையே திறக்கவில்லையே என்று தெரிகிறது. திறந்து பார்க்கலாம் என்று ஏதாவது சொல்வேன். "அப்பாடா" என்பேன். குரல் கரகரவென்று வரும்.

காசிம் அண்ணன் படகில் மற்ற ஹேட்சுகள் நன்றாகத் தெளிந்துவிட்டன. முன்பக்கம் படுக்கைக்கு மேலே இருக்கும் பெரியதும் தெளிந்தது. அதுதான் சிக்கல். மேலே இருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். உள்ளுக்குள்ளே வெடிப்பு. நகத்தால் மேலே கீறினால் எதுவும் தட்டுப்படாது, வெளிச்சத்தைச் சாய்த்தால்தான் வெள்ளி ஊசி போலச் சின்னச் சின்னதாக ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடுவது தெரியும். மேலே இருக்கும் மங்கலைத் தேய்த்து எடுக்கலாம். உள்ளே விழுந்த வெடிப்பை யார் தேய்த்தாலும் போகாது. கடலில் பாய்மரத் துணியை இழுக்க முன்பக்கம் போகும்போது கால் அதன்மேல்தான் படும், அவரோ நல்ல கனமான மனுஷர். ஆனால் அவர் அதற்குக் கீழே படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மைமுன் வந்து பாக்கணும், நட்சத்திரமெல்லாம் தெரியும்லா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மைமுன் அவர் மனைவி.

நான் வெடிப்பைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து பார்த்தார்.

"இது தாங்குமா, மாத்தணுமா?"

"உங்க இஷ்டம் அண்ணே. மாத்தினா நல்லது. மாத்தாட்டியும் கொஞ்ச நாளைக்கு..."

கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "என் இஷ்டம் எனக்குத் தெரியாதா தங்கச்சி? கடையப் புள்ளைங்ககிட்ட குடுத்தது என் இஷ்டம். படகு வாங்கினது என் இஷ்டம். அதுக்கெல்லாம் உன்னயக் கேட்டனா? இப்ப ஒனக்குத் தெரிஞ்சத கேக்குறேன். அதச் சொல்லாம எங்கிட்டயே திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்? நாளைக்கு நான் இதுல ஒடஞ்சி விழுந்தா, 'அவரு இஷ்டம்னு சொன்னேனே'னு நீ வீட்டுல நிம்மதியா ஒக்காந்திருப்ப. அதுக்குத்தானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மரியாதைக்காகச் சொன்னதை இப்படியா எடுத்துக்கொள்வது என்று. பெரிய படகுக்காரர், அவர் பொருள், அவர் முடிவு, நான் யார் சொல்ல என்றெல்லாம் வாயில் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "மாத்தணும் அண்ணே. தாங்காது. புதுசு போடுற வரைக்கும் அது மேல கால் வைக்காதீங்க" என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அவ்வளவு அழகாகத் தெளிந்ததைக் கழற்றி எறிய யாருக்குத்தான் மனசு வரும்? பிறகு, "இதத்தானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய் இரண்டு பேருக்கும் கடையிலிருந்து தே தாரிக் டீயைப் பையில் தாப்பாவ் பண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் பழைய பலகையைக் கழற்றும்போது அது சட்டத்தைவிட்டு முழுசாக வரவில்லை. என் கையோடு இரண்டாகப் பிளந்து வந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பேச்சுதான் காதில். உன் இஷ்டம் என்பது விட்டுக்கொடுப்பது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன் ஐயா. பாதி நேரம் அது பயம். நான் வா என்று சொல்லி, நீ வந்து, இங்கே வேலை பிடிக்காமல், மீராவுக்கு ஊர் ஒத்துக்கொள்ளாமல், ஒருநாள் "நீங்க சொன்னீங்கனுதானம்மா வந்தேன்" என்று நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் கேள்வியை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டேன் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தேன். நீ பெட்டியை அடுக்கிக்கொண்டு கேட்டாயே, அந்த மாதிரி ஒரு கேள்வியை என்னைப் பற்றியும் நீ யாரிடமாவது கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

அதனால் என் நிலைமையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். போன தீபாவளிக்கு நீ வீடியோவில் வந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். பின்னால் கேட்ட சத்தம் டிவி. நீ கூப்பிடும் நேரம் தெரிந்து சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். சுட்ட முறுக்கைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததுபோக மீதி வெகுநாள் டின்னிலேயே கிடந்தது. பசாரில் மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் எடை போடாமலே ஒரு சின்ன மீனை எடுத்து வைக்கிறாள், ஒரு ஆள்தானே என்று. அவள் நல்லதுக்குத்தான் செய்கிறாள். எனக்கு வீட்டுக்கு வந்து அழுகையாக வருகிறது. பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். இங்கே மணி ஏழு என்றால் அங்கேயும் ஏழு. நீ இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு நானும் அந்த நேரத்துக்குத் தட்டைப் போடுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கை, கண் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. தனியாக இருக்கிறேன். அவ்வளவுதான் சங்கதி.

மீராவிடம் நீயே உட்கார்ந்து பேசு. "அவளுக்கும் சரிதாம்மா" என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை, நீயும் உன் அப்பாவைப் போல அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டிருப்பாய். காரை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து கேள். அவளும் உன் இஷ்டம் என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே, திரும்பக் கேள். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், அது வேறு விஷயம், அதை அவள் வாயால் எனக்குச் சொல்லட்டும், நான் அவளைக் கடித்துத் தின்றுவிட மாட்டேன். வந்தாலும் என்னோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். அவளுக்கும் எனக்கும் ஒரு அடுப்பு ஒத்துவராது, நான் கறியில் மிளகாயை அள்ளிப்போடுகிறவள். பக்கத்து புளோக்கில் வீடு பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட வாருங்கள், மற்ற நாள் சும்மா கீழே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனாலும் போதும்.

சம்பளம் அங்கே அதிகம், தெரியும். இங்கே வந்தால் நீ இழப்பது நிறைய, அதுவும் தெரியும். அதையெல்லாம் உனக்காக நான் கூட்டிக் கழித்து, நல்ல தாயாராக ஒரு பதிலைத் தயார் செய்து தரப்போவதில்லை. அந்தக் கணக்கை நீயும் மீராவும் போடுங்கள். என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்ததைத்தான் நான் சொல்ல முடியும். எனக்கு நீ பக்கத்தில் வேண்டும்.

நீ வராமல் போனாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று இந்த இடத்தில் எழுத வேண்டும், அப்படித்தான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு வருத்தம் இருக்கும். கோபமும் வரும். ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காமல் அடிக்க விட்டுவிட்டு, அது நின்ற பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் எடுத்துவிடுவேன், நீ என் பிள்ளை. ஆனால் நீ கேட்டாய், நான் சொல்லிவிட்டேன்.

வா ஐயா. வந்துவிடு.

அம்மா